உங்களுக்குத் தெரியுமா? செஞ்சி ஆயாவும் அயர்லாந்துப் பாட்டியும்

● செஞ்சிக் கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. பிடித்ததுதான் சுலபம், அங்கே உயிரோடு இருப்பது சுலபமாக இல்லை. அந்தக் காலத்துப் போர்களை எழுதிவைத்த ராபர்ட் ஓர்ம், அன்று கர்நாடகம் என்று சொல்லப்பட்ட நம் பகுதியிலேயே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத இடம் செஞ்சிதான் என்கிறார். ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே வைத்ததில்லையாம். ஆனால் பத்து ஆண்டுகளில் மாண்டவர்கள் 1,200 பேர்!

● அதே மலையடிவாரத்தில் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. ஆனால் காய்ச்சல் கண்டதும் என்ன செய்வது என்று வீட்டுக்கு வீடு ஒருவருக்குத் தெரிந்திருந்தது. நிலவேம்பு அப்படி வந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் தரும் நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். பெயரைப் பார்த்து வேப்ப மரத்தின் உறவு என்று நினைக்க வேண்டாம். நிலவேம்பு முழங்கால் உயரச் செடி, ஆடாதோடையின் குடும்பம். கசப்பில் மட்டும்தான் வேம்புக்குப் பங்காளி. ஒன்று சொல்லிவிடுகிறேன்: மூன்று நாளாகக் காய்ச்சல் விடாவிட்டால் கஷாயத்தோடு நிறுத்தாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பதை நாடி பார்த்துச் சொல்ல முடியாது.

● செஞ்சிக்கு வடக்கே இருக்கும் வந்தவாசியில் 1760 ஜனவரி 22ஆம் தேதி நடந்த போர் பள்ளிப் பாடத்தில் உண்டு. ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி. கூட் அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்துக்காரர். லாலி பிறந்தது பிரான்ஸ் என்றாலும், அவருடைய தகப்பனார் அயர்லாந்திலிருந்து போனவர். நம் மண்ணில் எதிரெதிரே நின்ற இரண்டு தளபதிகளும் ஒரே தீவின் வாரிசுகள். அடுத்த ஆண்டு செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தத் தீவின் கிராமத்துக் கிழவிகளும் நம் ஆயாக்களும் கடிதம் கூடப் போட்டுக்கொண்டதில்லை. ஆனாலும் அவர்கள் செய்த வைத்தியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

● கையில் மருவோ பாலுண்ணியோ வந்தால் நம் ஊரில் அம்மான்பச்சரிசிச் செடியைக் கிள்ளி, அந்தப் பாலைத் தொட்டு வைப்பார்கள். அயர்லாந்தில் அங்கே முளைக்கும் ஒரு பால்செடியை ஒடித்துத் தொட்டு வைப்பார்கள். தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினம்: யூபோர்பியா. கடல்களுக்கு அப்பால் இருந்த இரு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே இனத்துச் செடியைப் பொறுக்கியிருக்கிறார்கள். இதே பேரினத்துச் செடி ஒன்றிலிருந்து எடுத்த பொருளை, வெயிலால் கெட்ட தோலுக்கு மருந்தாக 2012ல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் தோல் புற்றுநோய்க்கு இடமுண்டு என்ற அச்சத்தால் 2020ல் ஐரோப்பாவில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பச்சிலை என்றாலே பாதகமில்லை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அம்மான்பச்சரிசிப் பால் கண்ணில் பட்டால் பெரிய வினை.

● மருவின் அடியில் குதிரை முடியை இறுக்கிக் கட்டி உதிரவிடுவதும் இரண்டு ஊரிலும் உண்டு. தேசிங்கு ராஜனின் குதிரைக் கதையைக் கேட்டு வளர்ந்த செஞ்சியில் இது வழங்கியதில் வியப்பில்லை.

● கழுதைப்பால் விற்கிறவர் கழுதையையே ஓட்டிக்கொண்டு தெருவில் வருவார். பிறந்த குழந்தைக்கு ஒரு சங்கு பால், கண்ணெதிரே கறந்து தருவார். சீர் தட்டாது, சளி பிடிக்காது, குரல் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. அயர்லாந்திலும் குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தால் கழுதையைத்தான் தேடினார்கள். பாலுக்காக மட்டுமல்ல, குழந்தையைக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் மூன்று முறை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொடுத்து வாங்குவார்கள். கழுதையின் முதுகில் சிலுவை போல ஒரு கோடு இருப்பதால் அது புனிதப் பிராணி என்பது அவர்கள் நம்பிக்கை.

கழுதைப்பால் தாய்ப்பாலுக்குச் சேர்மானத்தில் நெருக்கமானது என்பது உண்மை. அதே அளவுக்கு உண்மை, காய்ச்சாத எந்த விலங்கின் பாலும் பச்சிளங்குழந்தைக்கு ஆகாது என்பது. பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கக்குவானைத் தடுக்கும் மருந்து, குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தொடங்கிப் போடும் தடுப்பூசியிலேயே இருக்கிறது.

● மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் செஞ்சிக்குப் பக்கம். அமாவாசை இரவில் கூட்டம் தாங்காது. அங்கே புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், நோயாளிக்கும் கொண்டு போவார்கள். அயர்லாந்துத் தீவின் வடபகுதியில், ஃபெர்மனா மாவட்டத்தில் போஹோ என்று ஒரு சிற்றூர். அங்குள்ள தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் 1815ல் இறந்த ஒரு பாதிரியாரின் சமாதி இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது குணமாக்கிய நோய்களை எல்லாம் அவரை மூடிய மண்ணும் குணமாக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு சிட்டிகை மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். நாலு நாளில் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கெடுதல்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருக்கலாம். அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஒரு விஞ்ஞானி ஒதுக்கவில்லை. ஜெரி க்வின் என்ற அவரும், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் அவரோடு வேலை செய்தவர்களும் அந்த மண்ணை ஆராய்ந்து, 2018ல் ஒரு புதிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவைக் கண்டதாக அறிவித்தார்கள். சாதாரண ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத சில கிருமிகளின் வளர்ச்சியை அது தடுத்தது. எலும்புருக்கியை வென்ற ஸ்ட்ரெப்டோமைசினும் இதே வகைப் பாக்டீரியாவிலிருந்து 1943ல் வந்ததுதான்.

நம் புற்றுமண்ணிலும் இப்படி ஏதாவது இருக்குமா? தேடிப் பார்த்தால்தான் தெரியும், தேட வேண்டும். ஆனால் புண்ணில் மண்ணைப் போடாதீர்கள். ரணஜன்னிக் கிருமி குடியிருப்பதும் மண்ணில்தான். நெற்றியில் இடுவதோடு இருக்கட்டும்.

● அயர்லாந்தின் கடலோரத்தில் இருமலுக்கு ஒரு கடற்பாசியைப் பாலில் வேகவைத்துக் குடிப்பார்கள். பால் கொழகொழவென்று தொண்டையில் இறங்கும். அந்தப் பாசியில் இருக்கும் காரஜீனன்தான் இன்று ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்குகிறது. செஞ்சிக்குக் கடல் எட்டம். இங்கே பாலில் மஞ்சள், மிளகு, பனங்கற்கண்டு.

● இருமல் டானிக் பாட்டிலின் மேல் புரோம்ஹெக்சின் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்திருக்கிறீர்களா? ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்து, அதன் அமைப்பை மாற்றி உண்டாக்கிய மருந்து அது. வேலியோரத்தில் ஆடு கூடத் தொடாத இலை. ஆயா அதைத் தேனில் குழைத்துத் தந்ததை நாம் துப்பினோம். கம்பெனி சர்க்கரைப் பாகில் கலந்து தந்ததை வாங்கிக் குடிக்கிறோம்.

● செஞ்சி வட்டாரம் தமிழ்ச் சமணர்கள் மிகுதியாக வாழும் பகுதி. அவர்களுடைய மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. சமணர் போற்றும் நான்கு தானங்களில் மருந்து தானமும் ஒன்று. பதினெண்கீழ்க்கணக்கில் ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் சமணர் இயற்றியவை, இரண்டின் பெயரும் மருந்தின் பெயர். சிறுபஞ்சமூலம் என்பது கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்ற ஐந்தின் வேர். கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் இன்றும் செஞ்சி வயல்வரப்பில் காலில் குத்துகின்றன.

● மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த வைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பர்க் ஆகியோர் சேர்ந்து அதை மனிதர்களிடம் சோதித்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கியிருந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி மாத்திரை. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்திருந்தது. 1988ல் லான்செட் இதழில் வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் இதே பலன் கிடைக்கவில்லை.

இதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. ஒரு கொல்லைப்புறச் செடியைக் கணக்கு வைத்துச் சோதித்தார்கள், வந்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். கை வைத்தியத்துக்குச் செய்யக்கூடிய உண்மையான மரியாதை அதுதான். மரியாதை செய்யக்கூடாத வழக்கம் ஒன்றும் உண்டு: காமாலைக்குக் கையில் சூடு போடுவது. நோய் தீராது, புண்தான் மிஞ்சும். யாராவது சொன்னாலும் சூடு போட விடாதீர்கள்.

● இடுப்புப் பிடித்துக்கொண்டால் காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்கள். சுளுக்குக்கு இரட்டைப் பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டு நல்லெண்ணெய் போட்டு உருவச் சொல்வார்கள். பிறப்பிலேயே கையில் குணம் வந்துவிடுகிறது என்பது எண்ணம். அயர்லாந்தில் அந்தப் பேறு ஏழாவது மகனுக்கு. இடையில் பெண் பிறக்காமல் வரிசையாகப் பிறந்த ஏழாவது ஆண் பிள்ளை என்றால் ஊரே தேடி வரும். ஏழாவது மகனுக்கு ஏழாவது மகன் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னும் ஒன்றும் அப்படியே பொருந்துகிறது. அயர்லாந்தில் சில குடும்பங்களுக்கு ஏதாவது ஒரு நோய்க்கு மட்டும் மருந்து தெரியும். தீப்புண்ணுக்கு ஒரு வீடு, அக்கிக்கு ஒரு வீடு. அதற்குக் காசு வாங்கக் கூடாது, நன்றி என்று கூடச் சொல்லக் கூடாது. மருந்து இன்னதென்று வெளியே சொல்லக் கூடாது, சாகும் முன் ஒருவருக்கு மட்டும் சொல்லலாம். நம் ஊரில் அக்கிக்குக் காவி எழுதுகிறவர், தேள்கடிக்கு மந்திரிக்கிறவர், எலும்பு முறிவுக்குப் பச்சிலை கட்டுகிறவர் எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். இலையை மறைத்துத்தான் அரைப்பார்கள். வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். காசு வாங்காத நல்ல மனசும் சொல்லாமல் செத்துப்போன ரகசியமும் ஒரே வழக்கத்தின் இரண்டு பக்கம். எத்தனை நல்ல மருந்து இப்படிச் சுடுகாட்டுக்குப் போனதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

● வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி. நம்மிடம் உள்ள கை வைத்தியங்களிலேயே மறுபேச்சுக்கு இடமில்லாத ஒன்று இது. காரணம் புரியக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். லிமெரிக்கில் பிறந்த வில்லியம் ஓஷாக்னசி என்ற இளம் மருத்துவர் 1831ல் காலரா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, நீரும் உப்பும் வெளியேறிப் போவதைக் கண்டுபிடித்தார். போனதைத் திருப்பித் தர வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்பு நீரை இரத்தக் குழாய் வழியே ஏற்றிக் காட்டினார். ஓஷாக்னசி 1833ல் கல்கத்தா வந்து, இந்தியப் பச்சிலைகளையும் கடைச்சரக்குகளையும் சோதித்துப் புத்தகமாக எழுதினார். இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவரும் இவரே.

1971ல் வங்காளதேச அகதி முகாமில் காலரா பரவியபோது ஏற்றுவதற்கான உப்பு நீர் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சோற்றுக் கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக மாறி உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆயாவின் கஞ்சி வேலை செய்வது இப்படித்தான்.

● அயர்லாந்தில் பாம்பே கிடையாது. ஆகவே பாம்புக்கடிக்கு அவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி வைத்தியமும் கிடையாது. செஞ்சிப் பக்கத்தில் இருளர் குடியிருப்புகள் பல. பச்சிலையிலும் பாம்பிலும் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 1978ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து விஷமுறிவு மருந்து செய்யத் தருகிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள், வேர் தேடாதீர்கள். ஆளை அசைய விடாமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அங்கே ஊசியில் ஏறும் மருந்தின் பின்னால் இருளரின் கைதான் இருக்கிறது.

● களை வெட்டும்போது கையில் பட்டுவிட்டால் வெட்டுக்காயப்பூண்டைக் கசக்கிப் பிழிவோம். அது ஆதியிலிருந்து நம் செடி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி! எப்போதோ கப்பலேறி வந்து நம் வரப்பில் முளைத்த களையை யாரோ கசக்கிப் பார்த்து, இரத்தம் நிற்பதைக் கண்டு அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். திருஷ்டி சுற்றிப் போடும் காய்ந்த மிளகாயும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்ததுதான். கை வைத்தியம் பழையது என்கிறோம். அது புதியதைக் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது.

● புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் மறுஆய்வு கோரி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. எங்கள் வீட்டில் பாட்டி போடுவார் என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் கேட்காது. பழைய நூல்களிலும் இதழ்களிலும் அச்சில் இருந்ததை எடுத்துக் காட்டியதால்தான் ஜெயித்தோம். அதன் பிறகே ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களில் உள்ள மருந்துகளை எல்லாம் கணினியில் ஏற்றும் பாரம்பரிய அறிவு மின்நூலகம் 2001ல் உருவானது. நூலில் உள்ளது பத்திரமாகிவிட்டது. ஆயாவின் வாயில் உள்ளது?

● இந்தக் கேள்விக்கு அயர்லாந்து ஒரு வழி கண்டது. 1937 முதல் 1939 வரை அங்கே சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். கதை, விடுகதை, விளையாட்டு, கூடவே வைத்தியம். பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எழுதியவையும் அவற்றிலிருந்து தொகுத்தவையும் ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். மேலே சொன்ன கழுதையும் ஏழாவது மகனும் அந்தப் பிள்ளைகள் எழுதிவைத்ததில் உண்டு. இப்போது அந்தத் தொகுப்பு இணையத்தில் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது.

செஞ்சிப் பக்கத்து ஆசிரியர்களே, இதற்கு அரசாணை வேண்டாம், பணம் வேண்டாம். வரும் கோடை விடுமுறையில் பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுங்கள். ஆயாவிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதட்டும்: என்ன நோய், என்ன செடி, ஊரில் அதற்கு என்ன பெயர், எங்கே முளைக்கிறது, எப்படிக் கொடுத்தார்கள், யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை. பக்கமலைக் காட்டு ஓரத்தில் இருக்கும் ஊர்களும் இருளர் குடியிருப்புகளும் முதலில் வரட்டும். சொன்னவர் பெயரையும் ஊரையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள், நாளைக்கு உரிமை கேட்க அது வேண்டும். எது மருந்து, எது நம்பிக்கை, எது ஆபத்து என்று பிரிப்பதைச் சித்த மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் பிறகு பார்த்துக்கொள்வார்கள். ஆயாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.